முட்டைக்கோஸுக்கு அடியில் ஒரு போன்

ஞாயிறு, மாலை நான்கு மணி.

காணாமல் போன செல்போன் சாப்பாட்டு அறை ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில், முட்டைக்கோஸுக்கு அடியில் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் அம்மா கைக்குட்டையால் பிடித்து அதை வெளியே எடுத்தார். திரையில் தவறிய அழைப்புகள் வரிசை கட்டி நின்றன. எல்லாமே நகராட்சியின் புகார் அறையிலிருந்து வந்தவை.

"இது எப்படிங்க இங்க வந்துச்சு?" வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார்.

"அதை நீங்கதான் சொல்லணும்."

வீட்டுக்காரர் நகராட்சியின் குடிநீர், கழிவுநீர்ப் பிரிவில் குழாய் பிட்டர். அந்த வாரம் ஸ்டாண்ட்பை அவருடையது. ஸ்டாண்ட்பை என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வேலை நேரம் முடிந்த பிறகும், விடுமுறை நாளிலும் துறையின் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்க வேண்டும். எங்காவது குழாய் உடைந்தாலோ சாக்கடை பொங்கினாலோ போன் வரும். உடனே ஓட வேண்டும். போன் வராவிட்டாலும் அதற்கென்று தனிப்படி உண்டு. இந்தக் கடைசிச் சங்கதிதான் பலருடைய தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. சும்மா படுத்திருப்பவனுக்குச் சம்பளமா என்று தெருவே வயிறெரிந்தது. அவன் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான் என்பது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கே உள்ளுக்குள் ஒரு புகைச்சல். "நமக்கு வருஷம் பூரா ஸ்டாண்ட்பைதான். ஒத்தைப் பைசா குடுக்கறாங்களா?" என்று கூட வந்த காவலரிடம் முணுமுணுத்துவிட்டுத்தான் வாசற்படி ஏறியிருந்தார்.

நடந்தது இதுதான். மதியம் மூன்றாம் நம்பர் கழிவுநீர் பம்ப் நின்றுவிட்டது. போக வழியில்லாத கழிவுநீர் குழாயிலேயே திரும்பி, பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியின் கழிவறை வழியாக ஏறி, மருந்து அறைக்குள் புகுந்தது. புகார் அறையிலிருந்து ஸ்டாண்ட்பை போனுக்கு அழைத்தார்கள். முதல் அழைப்பை யாரோ எடுத்துப் பேசினார்கள். ஆனால் யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. மருந்தெல்லாம் நாசம். ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீசுக்குப் போய்விட்டார்கள்.

"நாளைக்குக் காலைல சஸ்பென்ஷன். அதுக்கு மேல வேலையே போகும்," என்றார் நகராட்சி என்ஜினியர். ஹாலின் நடுவில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

இன்ஸ்பெக்டர் அம்மா புகார் அறைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"முதல் அழைப்பு எப்போம்மா?"

"ஒன்றரை இருக்கும் மேடம்," என்றாள் புகார் அறைப் பெண். "ஒரு ஆம்பளைக் குரல். பின்னாடி டிவி சத்தம். மூணாம் பம்ப் நின்னுருச்சுன்னு சொன்னேன். 'கிளம்பிட்டோம்'னார். அவ்வளவுதான், வச்சுட்டார்."

"குரல் தெரிஞ்சுதா?"

"டிவி சத்தத்துல குரல் சரியாப் பிடிபடல. அவர் போன்தானே, அவராத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"கேட்டீங்கல்ல?" என்ஜினியர் குதித்தார். "கிளம்பிட்டோம்னு சொல்லிட்டு ஐயா ஹாயா இருந்திருக்கார். விஷயம் பெருசானதும் போனை ஒளிச்சு வச்சுட்டு, காணோம்னு நாடகம்!"

"நான் மொட்டை மாடில தண்ணித் தொட்டிக்குள்ள இருந்தேன் சார்," என்றார் பிட்டர். "தொட்டில விழுந்துரக் கூடாதுன்னுதான் போனை இந்த ஜன்னல்ல வச்சேன். அடிச்சா ஒரு குரல் குடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனேன்."

ஊருக்கெல்லாம் குழாய் பார்ப்பவர் வீட்டுத் தொட்டி ஆறு மாதமாகக் கழுவப்படாமல் கிடந்தது. மனைவி அன்று நச்சரித்து ஏற்றியிருந்தாள். அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் மனைவி, விருந்துக்கு வந்திருந்த அவள் அக்கா, அக்காவின் கணவர், லீவு மாற்றிக் கேட்க வந்த, பிட்டர் வேலை பார்க்கும் டிப்போவின் லாரி டிரைவர். வேறு யாரும் இல்லை. கேட் உள்ளே தாழ் போட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா ஒவ்வொருவராகச் சமையலறைக்கு அழைத்தார். முதலில் மனைவி.

"போன் சத்தம் கேக்கலையா?"

"மிக்சி ஓடிட்டு இருந்துச்சு மேடம். கேட்டிருந்தா எடுத்திருப்பேன். அந்தச் சக்களத்தியை எடுக்காம விட முடியுமா?"

"யாரு சக்களத்தி?"

"அந்தப் போன்தான். தலையணைக்குப் பக்கத்துல அதுதான் படுக்குது. அவர் நடுவுல முழிச்சா முதல்ல அதைத்தான் தொட்டுப் பாக்கறார். எனக்குப் பொறாமையா இருக்காதா?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. "ஆனா அது இல்லேன்னா இந்த ஃபிரிட்ஜ் இல்ல மேடம். பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் இல்ல."

அடுத்தது அக்கா. அவள் கேள்விக்குக் காத்திருக்கவில்லை.

"ஃபிரிட்ஜை நான் நாலு தடவை தொறந்தேன். ஒளிக்க என்ன இருக்கு? ரெட்டைக் கதவு ஃபிரிட்ஜ் நம்ம வீட்ல இருக்கா, பாத்தாவது வைப்போமேன்னு தொறந்தேன்."

"பொறாமையா?"

"என் தங்கச்சி மேல எனக்கென்ன பொறாமை?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்சம் இருக்குதுங்க. அம்மா வீட்டுக்குப் போனா முன்னாடியெல்லாம் எங்க வீட்டுக்காரருக்குத்தான் முதல் இலை. இப்ப இவர் போனை வச்சுக்கிட்டு வந்து உக்காந்ததும், எங்கப்பாவே எழுந்து ஃபேனைத் திருப்பி வைக்கறார்."

மூன்றாவது லாரி டிரைவர். போன வருடம்தான் வேலையில் சேர்ந்தவன். முகத்தில் வேர்த்துக் கொட்டியது.

"ஃபிரிட்ஜைத் தொறந்தியா?"

"தண்ணி குடிச்சேன் மேடம். அவர் ஏணி ஏறினதும் ஒருக்கா உள்ள வந்தேன். அப்புறம் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு வெளியதான் நின்னேன்."

"இவரோட ஸ்டாண்ட்பை உனக்கு வேணும்னு டிப்போ பூரா சொல்லிட்டுத் திரியறியாமே?"

"ஆமா, சொன்னேன். யாருக்குத்தான் வேணாம்? இவர் ஒரு தப்புப் பண்ணட்டும், அடுத்தது நான்தான்னு கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் சொன்னேன். சொல்றவன் செய்வானா மேடம்?"

கூட வந்த காவலர் கையில் விலங்கைத் தயாராக எடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் அம்மா கண்ணாலேயே அதை உள்ளே வைக்கச் சொன்னார்.

கடைசியாக அக்காவின் கணவர், பிட்டரின் சகலை. அதே டிப்போவில் வால்வு ஆபரேட்டர். காதோரம் நரைத்த, நிதானமான மனிதர். ஆஸ்பத்திரி விஷயம் தெரிந்ததும் முதலில் ஓடிப்போய்ப் பம்பை ஓட வைத்தவரும் அவர்தான். அக்கம்பக்கத்தில் அவரைப் பாராட்டாத வாயில்லை.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"ஹால்ல டிவி பாத்துக்கிட்டே கண்ணசந்துட்டேன்மா."

"போன் அடிச்சது?"

"கேக்கல. டிவி சத்தம்."

"ஃபிரிட்ஜ் பக்கம் போனீங்களா?"

"அந்த ஃபிரிட்ஜ் தண்ணியை நான் தொடறதே இல்ல. தொண்டைக்கு ஒத்துக்காது."

"நீங்களும் ஸ்டாண்ட்பை பாத்தவர்தானே?"

அவர் முகம் மலர்ந்தது. "ஒன்பது வருஷம். அப்பல்லாம் ரெண்டு பேருக்குச் சேத்துத்தான் குடுப்பாங்க. நானும் என் சகலையும் ஜோடி. ஒருத்தர் வால்வைப் பாத்தா ஒருத்தர் பம்பைப் பாக்கணும். போன் எப்பவும் என்கிட்டதான். ரெண்டாவது மணிக்குள்ள எடுத்துருவேன். பாதிச் சாப்பாட்டுல எழுந்திருப்போம், ஈரத்தலையோட ஓடுவோம்."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"ஒரு ஆள் போதும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. சரி, சின்னவன் பிழைக்கட்டும்னு நானா விட்டுக் குடுத்துட்டேன். எனக்கும் தூக்கம் வேணும்ல?" அவர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

ஹாலில் என்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ரெண்டு ஆள் ஸ்டாண்ட்பையை எப்ப நிறுத்தினீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"ரெண்டு வருஷமாச்சு. நிறுத்தினதும் இந்தப் பிட்டரோட பெரிய ரோதனை. தனியாத்தான் போவார். போன்ல மட்டும் 'வந்துட்டோம், முடிச்சுட்டோம்'னு ரெண்டு பேர் கணக்கு. யாருய்யா அந்த இன்னொருத்தர், அவருக்கும் படி கேப்பியான்னு மீட்டிங்ல வச்சுக் கிழிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதோட திருந்திட்டார்."

இன்ஸ்பெக்டர் அம்மா மறுபடி புகார் அறையை அழைத்தார். இந்த முறை ஸ்பீக்கரில் வைக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார், பதிலைக் கேட்டார், வைத்தார்.

மாலை ஐந்து மணி. எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"போனை எதுக்கு ஃபிரிட்ஜுக்குள்ள வச்சாங்க?" என்று இன்ஸ்பெக்டர் அம்மா ஆரம்பித்தார். "சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு. ஆஃப் பண்ணியிருக்கலாமே? பண்ணல. ஆஃப் ஆனா புகார் அறைல உடனே வேற ஆளைத் தேடுவாங்க. மணி அடிச்சுக்கிட்டே இருந்தா, வர்ற வழில வண்டி ஓட்டறாரு போலன்னு கொஞ்ச நேரம் காத்திருப்பாங்க. இது ஸ்டாண்ட்பை தெரிஞ்ச ஆளோட வேலை. அதனால அக்கா, தங்கச்சி ரெண்டு பேரும் இல்ல. பேசினதும் ஆம்பளைக் குரல்."

லாரி டிரைவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"நீ பயப்படாத. நீ பேசறப்ப 'கிளம்பிட்டேன்'னுதான் சொல்லியிருப்ப. நீ வேலைக்குச் சேந்ததே ஒத்தை ஆள் ஸ்டாண்ட்பை வந்த பிறகு." அவர் பிட்டர் பக்கம் திரும்பினார். "இவர் என்ன சொல்வார்னு இப்பத்தான் புகார் அறைல கேட்டேன். இந்த ரெண்டு வருஷமா 'கிளம்பிட்டேங்க' தவிர வேற வார்த்தை வந்ததில்லையாம். மீட்டிங்ல பட்ட அவமானம் அப்படி. மதியம் அந்தப் பொண்ணுகிட்ட பேசினவர் சொன்னது 'கிளம்பிட்டோம்'. நம்ம யாரும் அதைக் கவனிக்கல. மரியாதைக்கு எல்லாரும் பேசற பேச்சுதானேன்னு விட்டுட்டோம். ஆனா இந்த டிப்போவுல அது மரியாதை இல்ல. அது ரெண்டு ஆள். அப்படிப் பேசிப் பழகினவங்க ரெண்டே பேர். ஒருத்தரை அடிச்சுத் திருத்தியாச்சு. இன்னொருத்தருக்கு அப்புறம் போன்ல பேச வாய்ப்பே வரல. அதனால திருந்தவும் வழியில்ல."

யாரும் சகலையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"நீங்களா?" என்றாள்.

அவர் மறுக்க வாயெடுத்தார். முகத்தை இரண்டு கையாலும் ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.

"'டோம்'னா சொன்னேன்?" என்றார். "எனக்கே தெரியலையேம்மா."

"ஏன் அண்ணே?" பிட்டர் கேட்டார்.

"அந்தப் பம்ப் நின்னா கால் மணில தானா ஓடும். எத்தனை தடவை பாத்திருக்கோம்? இவன் போன் எடுத்தும் வரலைன்னு ஒரு பேச்சு வரட்டும், நான் போய் நிக்கறேன், பெரியவர் இருந்திருந்தா இப்படி ஆகுமான்னு நாலு பேர் சொல்லட்டும்னு நெனச்சேன். ஆஸ்பத்திரி சத்தியமா எனக்குத் தெரியாது." அவர் பிட்டரைப் பார்த்தார். "நானா ஒண்ணும் விட்டுக் குடுக்கலடா. அன்னிக்கு சார் ரூம்ல ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்னு சொன்னாங்களே. ரெண்டு பேரும் சேந்து வேணாம்னு சொல்லிருவோம்னு நான் நின்னேன். நீ தலையாட்டிட்ட. என்னை ஒரு தடவை திரும்பிக்கூடப் பாக்கல."

அன்று திரும்பிப் பார்த்திருந்தால் தலையாட்ட முடிந்திருக்காது என்பது பிட்டருக்கு நன்றாகத் தெரியும்.

"அடிச்சதும் கை தானாப் போயிருச்சு," என்றார் சகலை. "ரெண்டாவது மணிக்குள்ள எடுத்துட்டேன். எடுத்து, வாய் பேசி முடிச்ச பிறகுதான் வயித்தெரிச்சலே ஞாபகம் வந்துச்சு."

என்ஜினியர் தொண்டையைச் செருமினார். பிட்டர் மீது நடவடிக்கை இல்லை என்று தரையைப் பார்த்தே சொன்னார். இன்ஸ்பெக்டர் அம்மா போனை டீப்பாய் மேல் வைத்தார். ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று சகலையிடம் சொல்லும்போது அவர் குரலில் வழக்கமான கறார் இல்லை.

அப்போது போன் அடித்தது.

பிட்டர் எழுந்தார். அதே நொடியில் சகலையும் எழுந்து, வாசலில் கிடந்த ரப்பர் பூட்ஸைக் கண்ணால் தேடினார். காவலர் தோளில் கை வைத்த பிறகுதான் அவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. மெல்ல மறுபடி உட்கார்ந்தார்.

இரண்டாவது மணி முடிவதற்குள் பிட்டர் போனை எடுத்தார். மறுமுனையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டே சகலையைப் பார்த்தார். இந்த முறை நன்றாகத் திரும்பியே பார்த்தார்.

"கிளம்பிட்டேங்க," என்றார்.