குறுக்குப் பாதை

புது அபார்ட்மெண்டின் தரைத்தள வீட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர்தான். ரயில் போகும்போதெல்லாம் சமையலறைப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். "பழகிரும்" என்று சொல்லிவிட்டு ஜெபக்குமார் அருள்புரம் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவான். அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்துவது அவன் மனைவி நதியாதான். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, வாடகை வீடுகளில் அல்லாடிய பிறகு வாங்கிய சொந்த வீடு. குறை சொல்ல மனசு வருமா?

மகள் ஆஷாவுக்கு ரயிலென்றால் ஒரே குஷி. வருகிறவர்களை 'வாங்க' என்றும், கிளம்புகிறவர்களிடம் 'போயிட்டு வாங்க' என்றும் சொல்ல நதியா அவளைப் பழக்கியிருந்தாள். ரயிலுக்கும் கையாட்டி அதையே சொல்வாள்.

அன்று பொழுது சாயும் நேரம். கரண்ட் போயிருந்ததால் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தாள் நதியா. வாசலில் ஒரு பெண் நின்றாள். நீலக் கம்பெனி கோட்டு, கையில் டிபன் பை.

"ஏனுங்க, இப்படியே போய்க்கட்டுங்களா? ஷிப்டுக்கு நேரமாச்சு. எப்பவும் இந்த வழிதானுங்க."

அவசரமாகப் போகிறவளை மறிப்பானேன் என்று நதியா ஒதுங்கிக்கொண்டாள். ஹால், சமையலறை, அதற்குப் பின்னால் துணி துவைக்கும் இடம். விடுவிடுவென்று நடந்தவள் ஆஷாவிடம் மட்டும் நின்று, குனிந்து பார்த்தாள். மெஷின் எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது.

"போயிட்டு வாங்கக்கா" என்றாள் நதியா, வாய்ப் பழக்கத்தில்.

ரயில் ஒன்று வீட்டை உலுக்கிவிட்டுப் போனது. பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

துவைக்கும் இடத்தில் வெளிக்கதவே கிடையாது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். யாருமில்லை.

எதிர்வீட்டுப் பழனியம்மாள், இந்த இடம் வெறும் பொட்டலாகக் கிடந்த காலத்திலிருந்தே இந்தத் தெருக்காரி. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ராமாத்தா கண்ணு அது! இதுல குறுக்க நடந்து, லைனத் தாண்டித்தான் கம்பெனிக்குப் போவா. புள்ளைய ஊட்ல தூங்க வெச்சுப்போட்டு ஓடுனவ, ரயில்ல அடிபட்டுப் போயிட்டா. நீ என்னன்னு சொல்லி அனுப்புன?"

"போயிட்டு வாங்கன்னுதான்..."

"அட முருகா! எழவூட்ல கூட நாம 'போயிட்டு வர்றேன்'னு சொல்ல மாட்டமே. செத்தவளப் போயி வரச் சொல்லிப்போட்டியே! புள்ளையத் தேடி வருவா. ஓடி ஒளிஞ்சாலும் விடமாட்டா. நேருக்கு நேரா 'போங்க'ன்னு சொல்லு. 'வா'ங்கற பேச்சே வாயில வரப்படாது."

ஜெபக்குமார் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

மறுநாள் பொழுது சாயும்போது நதியா கதவைத் தாழிட்டு, ஆஷாவை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எண்ணெய் வாடை வந்தது.

போட்ட தாழ் போட்டபடியே இருந்தது. நீலக் கோட்டுக்காரி ஹாலில் நின்றிருந்தாள்.

"எங்கண்ணு முழிச்சுக்கிச்சுங்களா?"

வீட்டுக்கு வந்தவரைப் போ என்று நதியா சொன்னதேயில்லை. அதுவும் பிள்ளையைத் தேடி வந்தவளை எப்படிச் சொல்வது? பாவமாகக்கூட இருந்தது.

"வா கண்ணு. அம்மாகூடப் போலாம்."

நீண்ட கை ஆஷாவின் கவுனைத் தொட்டது.

"போங்க!" என்று அலறினாள் நதியா. "போங்க!"

கை தாழ்ந்தது. அவள் மெல்லத் திரும்பி நடந்தாள். ஹால், சமையலறை, துவைக்கும் இடம். நீலக் கோட்டின் முதுகு சுவருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது.

"கர்த்தாவே, ஸ்தோத்திரம்..." நதியா இரண்டு கைகளையும் குவித்தாள்.

மடியிலிருந்து ஆஷா நழுவி இறங்கினாள். அம்மா பழக்கியபடியே சமையலறைவரை ஓடி, சுவரைப் பார்த்துக் கையாட்டினாள்.

"போயிட்டு வாங்க ஆன்ட்டி!"

அது ரயில் வருகிற நேரமில்லை. ஆனாலும் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின.

சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சரி கண்ணு. வர்றேன்."