பக்கத்து வீட்டுப் பாட்டு

நவம்பர் வந்துவிட்டால் அந்தச் சுவர் ஐஸ் மாதிரி இருக்கும். அன்று மதியம் நாற்காலியை நகர்த்தப் போன கிளெனிஸ் அதில் கை ஊன்றியபோது வெதுவெதுவென்று இருந்தது. அடுப்புச் சூடு அல்ல. தூங்கி எழுந்தவன் முதுகில் இருக்குமே, அந்தச் சூடு.

சுவருக்கு அப்பால் வீடு கிடையாது. பர்மிங்ஹாமின் அந்தத் தெருவில் அவள் வீடுதான் கடைசி. அடுத்த வீட்டைப் போர்க்காலத்தில் ஒரு குண்டு தரைமட்டமாக்கிவிட்டது. இப்போது அது கார் நிறுத்தும் காலி மனை.

கல்யாணமான புதிதில் அவள் கணவன் நெவில், இரும்புப் பட்டறையிலிருந்து வந்ததும் இந்த அறையில்தான் கிடார் வாசிப்பான். ஒரு சாயங்காலம் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. நிதானமாக மூன்று தட்டு. பிறகு எதையோ தரையோடு இழுக்கும் ஓசை. பிறகு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஒரு மௌனம். நெவில் சிரித்துக்கொண்டே அதை அப்படியே தடித்த கம்பிகளில் திருப்பி வாசித்தான். அதுதான் ‘பக்கத்து வீடு’ என்ற பாட்டானது. ஹெவி மெட்டல் இசை கேட்கிற எவனுக்கும் அது மனப்பாடம்.

பாட்டு பிறந்ததும் தட்டல் நின்றுபோனது. ஆனால் நெவில் அதை வீட்டில் மறுபடி வாசிக்கவே இல்லை. “யாரோ கூப்பிட்டாங்க கிளென். நான் வெளையாட்டா பதில் சொல்லிட்டேன்” என்று ஒருமுறை சொன்னான். அவன் போய் மூன்று வருடமாகிறது.

அன்றைக்குத்தான் பாட்டுக்கு ஐம்பது வயது. காலி மனை நிறையக் கறுப்புச் சட்டை போட்ட ரசிகர்கள். ஏற்பாடெல்லாம் மகன் கிரெய்க்.

“ஸ்பீக்கரை அந்தச் சுவத்துல சாய்க்காதடா.”

“அம்மா, அந்தச் சுவரைப் பாக்கத்தான் பிரேசில்லேர்ந்து ஒருத்தன் வந்திருக்கான். தொட்டுக் கும்பிடாத குறை.”

“சூடா இருக்கு. கை வச்சுப் பாரு.”

வைத்துப் பார்த்தான். “வெயில் பட்டிருக்கும்.”

“நவம்பர்ல? இந்த ஊர்ல?”

“உனக்கு எப்பவும் நக்கல்தான். ஜன்னல்கிட்ட உக்காந்து டீ குடி. அப்பா பேரைச் சொல்லிக் கத்துவாங்க, கை ஆட்டு, போதும்.”

சிரித்தான். ஆனால் வாசலுக்குப் போகும்வரை அந்தக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே போனான்.

நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. வெளியே பாட்டின் முதல் அடி விழுந்ததும் அலமாரிக் கோப்பைகள் கிலுகிலுத்தன, டீயின் மேல் வட்டம் வட்டமாக அலை எழுந்தது, சுவரில் ஒட்டியிருந்த பழைய பூத்தாளுக்குப் பின்னால் காரை பொடிப்பொடியாக உதிர்ந்து கீழிறங்கும் சத்தம் எலி ஓடுவதுபோலக் கேட்டது, கூடவே கரியும் நனைந்த செங்கல்லும் எப்போதோ கருகிய சமையலும் கலந்த ஒரு வாடை மெல்ல அறையை நிறைத்தது. மூன்று அடி. இழுப்பு. பிறகு மௌனம். அந்த இடத்தில் மூச்சு விடாமல் நிற்பது ரசிகர்களின் வழக்கம்.

மௌனத்துக்குள் சுவர் தட்டியது. மூன்று முறை.

வெளியே கூட்டம் ஆர்ப்பரித்தது. ஸ்பீக்கரிலிருந்து வந்தது என்று நினைத்துவிட்டார்கள். கிளெனிஸ் மட்டும் எழுந்து நின்றாள். தட்டியபோது பூத்தாள் அசைந்ததை அவள் பார்த்திருந்தாள்.

இரண்டாம் சுற்று. தட்டல் இன்னும் பக்கத்தில் கேட்டது.

“கிரெய்க்!” என்று கத்தினாள். இசையில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மூன்றாம் சுற்றில் விளக்கு அணைந்தது. தெருவிளக்கைத் தவிர எல்லாம். ஸ்பீக்கர்கள் செத்தன. கிடார் நின்றது.

அடி நிற்கவில்லை.

மூன்று. இழுப்பு. மௌனம்.

இருட்டில் தடவித் தடவி, தெருப்பக்கம் துருத்தி நிற்கும் ஜன்னலின், காலி மனை தெரியும் பக்கக் கண்ணாடிக்கு வந்தாள். யாரும் கத்தவில்லை. யாரும் ஓடவில்லை. அத்தனை பேரும் சுவரை நோக்கி நின்றார்கள். கைகள் தொங்கின. எல்லார் இடது காலும் ஒன்றாகத் தரையில் இழுபட்டது. முன்வரிசை சுவரை எட்டியிருந்தது. நடுவில் கிரெய்க். கண்கள் மூடியிருந்தன.

நெற்றியால் முட்டினான்.

மறுபடி.

மறுபடி.

செங்கல்லில் ஈரம் மின்னியது.

“வேணாண்டா, கண்ணு... அம்மா இங்க இருக்கேன்டா.”

அவன் திரும்பவில்லை. மௌனம் வந்தது. அவள் ஓடிப்போய், அவன் நிற்கும் இடத்துக்கு நேராக, உட்புறம், இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் அழுத்தித் தள்ளினாள்.

பூத்தாள் இளகிக் கொடுத்தது. அவள் கைகளுக்கு நடுவே அது மெல்லப் புடைத்தது. நெற்றி. மூக்கு. திறந்த வாய். வாய் இருந்த இடத்தில் தாள் உள்ளே இழுபட்டு, வெளியே உப்பி, மறுபடி உள்ளே இழுபட்டது.