கண்ணாடிக்கு உட்பக்கம்

நெரிஸ்ஸா மூன்றாவது தடவையாகத் துடைத்தாள். அந்த மங்கல் போகவில்லை.

டேப்லட்டின் திரையில், நடுவிலிருந்து கொஞ்சம் கீழே, ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குப் பனி படிந்த மாதிரி இருந்தது. பனியன் நுனியால் தேய்த்தாள், பிறகு கண்ணாடி துடைக்கிற துணியால் தேய்த்தாள், பிறகு வாயை வைத்து ஊதி மறுபடியும் தேய்த்தாள். அவள் ஊதியதால் படிந்தது உடனே போய்விட்டது. முதலிலிருந்தே இருந்தது மட்டும் அப்படியே இருந்தது. பழைய சாமான் வாங்கினால் ஏதாவது ஒரு நொட்டை இருக்கத்தான் செய்யும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வாங்காமல் இருக்க முடியாது. ஆற்றங்கரை ஊரான மரிகினாவில் மழை பிடித்துக்கொண்டால் பள்ளிக்கூடம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். டேப் இல்லாத பிள்ளைக்கு மட்டும் வராது. மூன்று வாரமாக ஏழு வயது ஐரா, அம்மாவின் விரிசல் விட்ட போனில் டீச்சரின் பாதி முகத்தைப் பார்த்துத்தான் படித்தாள். அப்பா ரோடெல் கப்பலில், எந்தக் கடலில் என்று அவருக்கே நிச்சயமில்லாத ஒரு இடத்தில் இருந்தார். எல்லாவற்றையும் நெரிஸ்ஸா ஒருத்திதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விற்கிறவள் பெயர் லூர்தெஸ். கடைத்தெரு வாசலில் சந்திப்பதாகத்தான் பேச்சு. மத்தியானம் திடீரென்று செய்தி அனுப்பினாள்: வீட்டை விட்டு நகர முடியவில்லை, நீங்களே வந்துவிடுங்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கம், சந்துக்குள் நுழைந்தபோதே நெரிஸ்ஸாவுக்குப் புரிந்துவிட்டது. பாதித் தெருவை மறைத்துக் கட்டிய கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டில் வேர்க்கடலை, சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள், உள்ளே பகலிலும் எரிகிற வெள்ளை விளக்குகள், வாடிய மல்லிகையும் மெழுகும் மருந்தும் கலந்த நெடி. சாவு வீடு. பெட்டியின் மேல்பாதி திறந்திருந்தது. முகம் தெரிவதற்கு வைத்த கண்ணாடியின் மேல் ஏதோ ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

லூர்தெஸ் போய் அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. எங்க பெரியவ குவைத்துல வேல பாக்குறா, லீவு கிடைக்கல. அப்பா மொகத்த பாத்துக்கிட்டே இருக்கணும்னு அழுதா. நாலு நாளா ராப்பகலா இதுலதான் பாத்துக்கிட்டிருந்தா."

"இப்ப எடுத்துட்டீங்களே?"

"போதும்னு சொல்லிட்டா. பொட்டிய மூடுறதுக்குள்ள வித்துடு, மறுபடி என் கண்ணுல படக்கூடாதுன்னா." அவள் தன் கையாலேயே திரையை ஒருமுறை துடைத்தாள். "நல்லா வேலை செய்யுது. பாட்டரி எறங்கவே இல்ல."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் புதிதாக வாங்க வழியில்லை, பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை. நெரிஸ்ஸா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். சாவு வீட்டில் யாரும் வாசல் வரை வந்து வழியனுப்ப மாட்டார்கள்; லூர்தெஸும் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்: "போற வழியில எங்கயாச்சும் நின்னுட்டுப் போங்க. மறந்துடாதீங்க."

அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். சாவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகக்கூடாது. ஒரு ரொட்டிக் கடையிலோ காப்பிக் கடையிலோ பத்து நிமிஷம் உட்கார்ந்து, உதறிவிட்டு எழுந்து போக வேண்டும். கூட வந்தது அங்கேயே வழி தவறி நின்றுவிடும். நெரிஸ்ஸா ஒருநாளும் இதைத் தவறவிட்டதில்லை. முனை ரொட்டிக் கடையில் இறங்குவதாகத்தான் ஜீப்னி என்கிற பங்கு வண்டியில் ஏறினாள். பாலத்தில் ஏறும்போது ஆற்றங்கரைச் சங்கு ஊதியது. முதல் சங்கு: தண்ணீர் ஏறுகிறது, தயாராகுங்கள். ஐரா வீட்டில் தனியாக இருந்தாள்; அடுத்த வீட்டுக் கோராவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். டிரைவர் கடையருகே நிறுத்தியபோது அவள் இறங்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். பையைக்கூட உதறவில்லை.

"அம்மா, இதுல ஒரு தாத்தா தூங்குறாரு."

மாடி அறையில் கட்டிலின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த ஐரா டேப்பைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சள் பனியன், முன்பல் இரண்டும் விழுந்த வாய், சந்தோஷமான முகம். "படம் எடுக்கலாம்னு தொறந்தேனா, இவரு வந்துட்டாரு."

நெரிஸ்ஸா வாங்கிப் பார்த்தாள். கேமரா திறந்திருந்தது. அறை தெரிய வேண்டும், கட்டில் தெரிய வேண்டும், அவளுடைய பிள்ளை தெரிய வேண்டும். தெரிந்தது சுருக்கம் சுருக்கமாகத் தைத்த வெள்ளைப் பட்டுத்துணியும், சின்னத் தலையணையும், அதில் நரைத்த தலையும், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையும், மாவு பூசிய முகமும். அந்த மங்கல் சரியாக அவருடைய மூக்குக்கு நேரே இருந்தது.

பழைய பதிவு ஏதோ அழியாமல் கிடக்கிறது என்று நினைத்தாள். டேப்பை ஜன்னல் பக்கம் திருப்பினாள், சுவர்ப் பக்கம் திருப்பினாள். படம் அசையவில்லை. அணைத்தாள். அணைந்தது. தானே மறுபடி வெளிச்சமானது. மூலையில் பாட்டரி நூறு என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து மின்விசிறி நின்றது, கீழே குளிர்பெட்டியின் உறுமல் நின்றது, தெரு முழுக்கக் கரென்ட் போனது. மழைச் சத்தம் மட்டும் தகரக் கூரையில் பெரிதாகக் கேட்டது.

இரண்டாவது சங்கு ஊதியது.

"நெரிஸ்! ஏய் நெரிஸ்!" எதிர் ஜன்னலில் கோரா. ஐம்பது வயது, தெருவுக்கே கேட்கிற தொண்டை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் போகிற சந்துதான், அதில் இப்போது பழுப்புத் தண்ணீர் செருப்புகளை இழுத்துக்கொண்டு ஓடியது. "வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு பாரு. அரிசிய மேல ஏத்து! டேப்பு வாங்கிட்டியா? எங்க வாங்கின?"

நெரிஸ்ஸா சொன்னாள். சொல்லச் சொல்ல கோராவின் முகம் மாறியது.

"வர்ற வழியில எங்க நின்ன?"

"நிக்கல அக்கா. சங்கு ஊதிடுச்சு, பிள்ளை வேற..."

"அடிப்பாவி! நேரா கூட்டிக்கிட்டு வந்துட்டியேடி!" கோரா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "இப்பவே போ. அத எடுத்துக்கிட்டு எங்கயாச்சும் போய் நின்னு, விட்டுட்டு வா. வீட்டுல வைக்காத, புரியுதா? பிள்ளை இருக்கிற வீடு."

நெரிஸ்ஸா டேப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். கடைசிப் படியிலேயே தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கதவைத் திறந்ததும் இடுப்புக்கு வந்தது. தெருவில் ஒரு அடி வைத்தாள், காலடியில் தரை இல்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் செருப்புகளோடு அவளும் போயிருப்பாள். நின்றுவிட்டுப் போக ஊரில் ஒரு இடம் இல்லை. எல்லாக் கடையும் தண்ணீருக்குள் இருந்தது. அழுகையும் ஆத்திரமுமாகத் திரும்பிப் படியேறினாள்.

அலமாரி இழுப்பறையில், மடித்த துணிகளுக்கு அடியில் அதைத் திணிக்கும்போது பார்த்துத் தொலைத்தாள். மங்கல் இப்போது உள்ளங்கை அளவு இருந்தது. பெருகியது, சுருங்கியது, பெருகியது. நேராகப் படுத்திருந்த தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. ஐரா இருந்த பக்கமாக.

"இத தொடாத. கேட்டியா? அம்மா அடிப்பேன்."

"அவருக்கு மூச்சு முட்டுதாம்மா."

"வாய மூடு ஐரா!"

பிள்ளையின் உதடு துடித்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார நேரமில்லை. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ரோடெலின் கப்பல் பத்திரங்கள், குடிதண்ணீர்க் குடம். ஒவ்வொன்றாக மேலே ஏற்றினாள். இறங்கும்போதெல்லாம் தண்ணீர் ஒரு படி அதிகமாக விழுங்கியிருந்தது. கீழே வெளிச்சம் மங்கிவிட்டது. சேற்று நாற்றம், சாக்கடை நாற்றம், அதற்குள் எங்கிருந்தோ வாடிய மல்லிகை.

குடத்தைத் தூக்கியபோது மேலே ஐராவின் குரல் கேட்டது. யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க? இங்கயா?"

மழை.

"மூக்கையா வைக்கணும்?"

குடம் கையிலிருந்து நழுவியது. ஓடினாள். படி வழுக்கியது. முட்டி அடிபட்டது. எழுந்தாள்.

இழுப்பறை திறந்திருந்தது. டேப் தரையில் கவிழ்ந்து கிடந்தது. ஐரா ஜன்னலைப் பார்த்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முழுசாக. மஞ்சள் பனியன், எண்ணெய் தடவிய கூந்தல், எல்லாம் இருந்தது. அப்பாடா என்று இருந்தது நெரிஸ்ஸாவுக்கு.

"எறிடி அத! தண்ணில எறி!" எதிர் ஜன்னலில் கோரா கத்தினாள்.

நெரிஸ்ஸா டேப்பை வாரி எடுத்து, தலைக்கு மேல் கையை ஓங்கினாள். அப்போது திரை வெளிச்சமானது.

வெள்ளைப் பட்டுத்துணி. சின்னத் தலையணை. மஞ்சள் பனியன். மார்பில் கோத்துவைத்த குட்டிக் கைகள். திறந்திருந்த வாயில், முன்பல் இரண்டும் இல்லை.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

மூக்குக்கு நேரே ஒரு மங்கல். பொத்தான் அளவு. வந்தது. போனது. வந்தது.

மூலையில் நூறு இல்லை. நாற்பத்தொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று.

"அக்கா!" நெரிஸ்ஸாவின் தொண்டை கிழிந்தது. "அக்கா, கரென்ட் இருக்கா? சார்ஜ் போடணும், ஐரா உள்ள இருக்கா அக்கா, உள்ள இருக்கா!"

கோராவுக்கு என்ன புரிந்ததோ. ஓடிப்போய்த் தன் பவர் பேங்கைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, சந்துக்கு மேலாக வீசினாள். அது ஜன்னல் கம்பியில் பட்டது. நெரிஸ்ஸாவின் விரலிலும் பட்டது. கீழே விழுந்தது. தண்ணீர் அதை மூடிக்கொண்டது.

மூன்றாவது சங்கு, கடைசிச் சங்கு, ஊதியது. இனி யாரும் வரமாட்டார்கள்.

பதினெட்டு.

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. யாரோ விரல்களைச் சொடுக்கு எடுத்தார்கள், ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல். பிறகு ஒரு நீளமான கொட்டாவி.

"நாலு நாளு," என்றது ஐராவின் குரல். "முதுகெல்லாம் பிடிச்சுக்கிச்சும்மா. காப்பி இருக்கா?"

நெரிஸ்ஸா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரும்பினால் ஒரு மூச்சு தவறிவிடும்.

ஒன்பது.

"ஐரா. கண்ணு. அம்மா இங்க இருக்கேன். மெதுவா. மெதுவா மூச்சு விடு. மெதுவாடி."

பிள்ளைக்குக் கேட்டதோ என்னவோ. மங்கல் சின்னதானது. அடுத்தது வர நேரமானது. அதற்கடுத்தது இன்னும் நேரமானது.

நான்கு.

மூன்று.

கண்ணாடியில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். மல்லிகை. மெழுகு. பிள்ளையின் தலை எண்ணெய் வாசனை.

இரண்டு.

"காப்பி கேட்டேனே," என்றது பின்னால்.

ஒன்று.

முகத்தை எடுத்துப் பார்த்தாள். திரை இன்னும் எரிந்தது. கண்ணாடியில் மங்கல் இருந்தது. இருந்தது! உள்ளங்கை அளவு, நல்ல அடர்த்தியாக.

கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தாள்.

போய்விட்டது.