எட்டே மாதத்தில் செத்த பேட்டரி

அந்தப் பேட்டையில் வீடு வீடாகப் போய்க் கார் பேட்டரி மாற்றித் தரும் அவளை எல்லோரும் பேட்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பானட்டுக்குள் செத்து உப்பிய எலி, வயர்களுக்கு நடுவே குட்டி போட்டுவிட்டுப் போன பூனை, விரல் தோலை உரிக்கும் ஆசிட் என்று எதைப் பார்த்தும் முகம் சுளிக்காதவள். மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தால் வேலை யார் செய்வது என்பாள்.

ஒரு மதியம், மூன்று மணி இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் அடித்தளத்துக்குள் புது பேட்டரியைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு இறங்கினாள். வெளியே கண்ணைக் குத்தும் வெயில். உள்ளே ஈரச் சுவரும் ஒற்றை டியூப்லைட்டும்தான்.

கடைசித் தூணருகே, தன் காரை ஒட்டி, அவளை வரச்சொல்லியிருந்த ஆடிட்டர் நின்றுகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல சென்ட் வாசனை, மூக்கில் கைக்குட்டை.

"நீ மாட்டி எட்டு மாசம்தாம்மா ஆச்சு. அதுக்குள்ள செத்துப்போச்சு."

"அப்பவே சொன்னேன்ல சார்? இந்த வண்டிக்கு நாற்பத்தஞ்சு ஆம்பியர் வேணும்னு. நீங்கதான் முப்பத்தஞ்சு போதும்னீங்க."

"எப்பவோ ஒருதரம் எடுக்கிற வண்டிதானேன்னு..." என்று இழுத்தார்.

அவள் பானட்டைத் தூக்கினாள்.

நாற்றம் முகத்தில் அறைந்தது.

அதிகமாகச் சூடேறிய பேட்டரி அழுகிய முட்டை போல நாறும். அது அவளுக்குப் பழக்கம். இது வேறு. பல நாள் கழுவாத வாயின் நாற்றம். வேர்வையும் மூத்திரமும் ஊறிய படுக்கையின் நாற்றம். எதற்கும் மூக்கைப் பொத்தாதவளின் கை தானாக மூக்குக்குப் போயிற்று.

டெர்மினல்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூப்பது வழக்கம். இங்கே பூத்திருந்தது பொடி அல்ல. ஆறிய பாலின் ஆடை போல, மஞ்சளாக, கொழகொழவென்று ஒரு படலம். முதலில் நெகட்டிவைக் கழற்ற ஸ்பேனரை வைத்தாள். படலம் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக நீண்டது. நடுவே ஒரு நரைமுடி.

கையுறையைத் தாண்டி வெதுவெதுப்பு தெரிந்தது.

உயிருள்ள உடம்பின் சூடு.

"சார், இதுல என்ன ஊத்துனீங்க?"

"ஒண்ணும் ஊத்தல. சீக்கிரம் கழட்டு. இதுக்கு முன்னாடி ரெண்டு பேரைக் கூப்பிட்டேன், பானட்டைத் தூக்கினதும் ஓடிட்டானுங்க."

ஓடிப்போனவர்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் போக மனம் வரவில்லை. பேட்டரியின் மேலிருந்த ஆறு மூடிகளில் முதல் மூடியைத் திருகினாள். உள்ளே ஆசிட் இல்லை. கெட்டியாக, கோழையாக, நுரையோடு ஏதோ இருந்தது.

அது கரகரத்தது. நெஞ்சுச்சளி கட்டிய கிழவர் மூச்சுக்குத் திணறுகிற சத்தம்.

பிறகு, ஈரமாக, மிக மெல்ல:

"தண்ணி..."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆடிட்டர் திடுக்கிடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு சார் இது?"



"அப்பா. போன மாசம் ஒருநாள் காலைல மூச்சு வாங்குதுன்னார். கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து முன்சீட்ல உக்கார வெச்சேன். சாவியைத் திருப்புனா வண்டி கிளம்பவே இல்ல. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம்."

"அதுவரைக்கும் பக்கத்துல இருந்தீங்கல்ல?"

"மேல வீட்டுக்குப் போயிட்டேன்." கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டார். "வாயெல்லாம் நுரை. வேட்டியிலயே மூத்திரம் போயிட்டார். பார்க்கவே அருவருப்பா இருந்துச்சும்மா. கையை நீட்டி ஹாரனை அமுக்கிட்டே இருந்தார். இறங்கின பேட்டரில அது முனகல் மாதிரி கேட்டுச்சு. ஜன்னலைச் சாத்திட்டேன். ஆம்புலன்ஸ் வந்தப்ப உயிர் இல்ல."

அதுவரை மூச்சை அடைத்த நாற்றம் அவளுக்கு அப்போது ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அவருடைய சென்ட் வாசனைதான் தாங்க முடியவில்லை.

"தண்ணி..."

தள்ளுவண்டியிலிருந்து, பேட்டரிகளுக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேனை எடுத்தாள். ஐந்து லிட்டர் கேன். முதல் மூடிக்குள் சரித்தாள். ஒரு டம்ளர் போனாலே நிரம்பி வழிய வேண்டிய இடம். வழியவில்லை. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம். சற்று நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி விழுங்குகிற சத்தம்.

"மெதுவா குடிங்கப்பா," என்றாள் தன்னையறியாமல். "அவசரமில்ல."

"என்னம்மா பண்ற? தூக்கிப் போடுன்னா..."

"நீங்க சும்மா இருங்க சார்."

கேன் காலியானது. நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. படலம் வறண்டு சுருங்கி உதிர்ந்தது. தொட்டுப் பார்த்தாள், பேட்டரி சில்லென்றிருந்தது. வயர்களைக் கழற்றி, அதைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தாள். பேட்டரி இருந்த தட்டைச் சோடா உப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, நாற்பத்தைந்து ஆம்பியரை இறக்கி, முதலில் பாசிட்டிவ், பிறகு நெகட்டிவ் என்று இறுக்கினாள்.

ஆடிட்டர் ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் வண்டி உறுமியது. முதல்முறையாகச் சிரித்தார்.

"அப்பாடா! விட்டது பீடை."

வண்டியைப் பின்னால் எடுத்தார். ஒரு முழம்கூட நகர்ந்திருக்காது.

டிங். டிங். டிங்.

"என்ன சத்தம் இது? புது பேட்டரில கோளாறா?"

அவள் ஜன்னல் வழியாக டேஷ்போர்டைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு ஒன்று எரிந்து எரிந்து அணைந்தது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார்."

"அப்புறம் என்ன?"

"பக்கத்து சீட்ல ஆள் உக்காந்து பெல்ட் போடலன்னா வர்ற சத்தம்."

அவர் தலையைத் திருப்பவில்லை. முன்கண்ணாடியையே வெறித்தார். கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். அவளும் வெளியிலிருந்து கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். கதவு அசையவில்லை.

டிங். டிங். டிங். சத்தம் வேகமெடுத்தது. பொறுமையிழந்த ஆளைப் போல.

கடைசியில் அவர் எதிரே பார்த்தபடியே இடது கையை நீட்டினார். துழாவித் துழாவிப் பக்கத்து இருக்கையின் பெல்ட்டை இழுத்தார். நடுவில் எதன்மீதோ விரல் பட்டிருக்க வேண்டும். குமட்டினார். ஆனாலும் இழுத்து வந்து கொக்கியில் மாட்டினார்.

சத்தம் நின்றது.

காலியான அந்த இருக்கையின் மேல், பெல்ட் இருக்கையின் முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளி, யாரோ ஒருவரின் மார்பைச் சுற்றியதுபோல வளைந்து, விறைப்பாக நின்றது.