ஒரு தட்டு என்றால் தோண்டு

பெரியவன் சீட்டை விட்டு எழுந்தபோது இன்ஜின் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

அந்த மினி டிராக்டரின் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. பின்பக்கத்து இரும்புக் கையால் மண் தோண்டும்போது ஓட்டுகிறவன் எழுந்தால் வண்டி தானாக அணைந்துவிடும். சீட்டில் ஒரு ஆளின் கனம் இருந்தால்தான் ஓடும். இப்போது அவன் தரையில் நின்றுகொண்டிருந்தான், சீட்டு காலியாக இருந்தது, வண்டி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவனுக்குப் பயம் வரவில்லை. சின்னவன் போன பிறகு அவனுக்கு எதுவும் வருவதில்லை. பசி வருவதில்லை, கோபம் வருவதில்லை. அழுகையாவது வரும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்து பார்த்தார்கள், அதுவும் வரவில்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினான். மெக்கானிக் சுவிட்சை மாற்றி, வயரை மாற்றி, சீட்டில் உட்கார்ந்து எழுந்து பார்த்தார். நின்றது. பெரியவன் உட்கார்ந்து எழுந்தான். நிற்கவில்லை.

"நான் எழுந்தா நிக்குது, நீங்க எழுந்தா நிக்க மாட்டேங்குது. வண்டிக்கு உங்க மேல தனிப் பாசம் போல."

சிரிக்க வேண்டிய இடம் என்று பெரியவனுக்குத் தெரிந்தது. சிரிப்பும் வரவில்லை. பேட்டரி வேறு வீக்காக இருந்தது. ஒரு தடவை அணைத்தால் திரும்பக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அணையாத வண்டி ஒரு வகையில் சௌகரியம்தான் என்று அப்படியே விட்டுவிட்டான்.

சின்னவன் அவனுடைய தம்பி. இருவரும் சேர்ந்து வாங்கிய வண்டி அது. ஊரெல்லாம் சாக்கடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அஸ்திவாரத்துக்கும் தோண்டிக் கொடுத்தார்கள். சீட்டில் சின்னவன், குழிக்குள் பெரியவன். சீட்டில் இருப்பவனுக்குக் குழியின் அடி தெரியாது, இன்ஜின் சத்தத்தில் குரலும் கேட்காது. அதனால் ஆழம் பார்க்கும் இரும்புக் கம்பியைக் குழிக்குள் நட்டு, சுத்தியலால் அதில் தட்டுவது அவர்கள் வழக்கம். ஒரு தட்டு என்றால் தோண்டு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. முகம் பார்த்துப் பேசாமல் முறைத்துக்கொண்டு திரிந்த நாட்களில்கூட அந்தத் தட்டைச் சின்னவன் மீறியதில்லை. பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மெக்கானிக்கிடம் காட்டிச் சில நாள் கழித்துத் தோண்ட வேண்டியிருந்தது சொந்த வீட்டின் பின்பக்கத்தில். சமையலறைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது. மழை விட்டும் விடாத சாயங்காலம், கூரையிலிருந்து சொட்டுகிற சத்தமும் சேற்று வாசனையும் டீசல் புகையும் ஒன்றாய்க் கலந்து, வெளிச்சம் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. குழிக்குள் இறங்க ஆள் இல்லை.

"ஏங்க, நான் இறங்கறேன்," என்றாள் மனைவி. "ஒண்ணுன்னா தோண்டு, ரெண்டுன்னா நிறுத்து. இதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்?"

"மண்ணு ஈரமா இருக்கு."

"இருக்கட்டுமே. அந்த மண்ணாவது ஒரு சொட்டுத் தண்ணி விடுது. உங்க கண்ணு அதுகூட விடலையே."

அவன் லிவரைத் துடைத்தான். அவள் பக்கத்தில் வந்து அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"ஒரே ஒரு தடவை அழுதுடுங்க. அதுக்கப்புறம் எப்படி வேணா இருங்க, நான் பாத்துக்கறேன். இப்படி இருக்கற உங்களைத்தான் என்னால பாக்க முடியல."

சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பியும் சுத்தியலுமாக ஏணி வழியாக இறங்கினாள். குழி அவள் உயரத்துக்கு மேல் இருந்தது. தலை மறைந்தது. டங். அவன் தோண்டினான். டங், டங். நிறுத்தினான். மாட்டேன் மாட்டேன் என்று அடம்பிடித்த வேலை அவள் இறங்கியதும் ஒழுங்காக நடந்தது. அவளுக்குக் கை நன்றாகவே வந்தது.

கடைசிக் குழாய் வீட்டின் முன்பக்கத்தில் கிடந்தது. எடுத்து வர எழுந்தான். தண்ணீர் குடிக்க இறங்கினால்கூட சின்னவன் இரும்புக் கையின் நுனியில் மண் அள்ளுகிற பக்கெட்டைத் தரையில் பதித்து வைத்துவிட்டு, சாவியைத் திருப்பிவிட்டுத்தான் இறங்குவான். பெரியவன் அப்படிச் செய்யவில்லை. பக்கெட் குழிக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இதுதான் பழகிவிட்டதே என்று போனான்.

குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு சுவரோரமாகத் திரும்பும்போது முதலில் வந்தது வாசனை. கிராம்பு. சின்னவன் பல்வலிக்கு என்று ஆரம்பித்து, வலி போன பிறகும் விடாமல் கடைவாயில் அடக்கி வைத்திருந்த கிராம்பு. அடுத்து சத்தம். சும்மா ஓடும் இன்ஜினின் சத்தம் வேறு, மண்ணை அள்ளும்போது முக்குகிற சத்தம் வேறு. அது முக்கியது.

இரும்புக் கை அசைந்துகொண்டிருந்தது.

சீட்டில் யாரும் இல்லை. குழியைப் பார்த்துத் திரும்பியிருந்த அந்தச் சீட்டின் மெத்தை மட்டும் நன்றாக அமுங்கியிருந்தது. லிவர்கள் தாமாகச் சாய்ந்தன, நிமிர்ந்தன. பக்கெட் இறங்குவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரு சின்ன உலுக்கல். ஒட்டியிருக்கும் மண் உதிர்வதற்காக. அந்த உலுக்கல் ஒருவனுக்குத்தான் வரும்.

குழிக்குள்ளிருந்து, டங். மேலே இருப்பது புருஷன் என்று நினைத்து அவள் தட்டினாள். தோண்டு.

பக்கெட் அவள் பக்கம் போகாமல், பூப்போல இறங்கி, ஒரு வாய் மண்ணை எடுத்து, கரையில் கொட்டியது.

ஓடியிருக்க வேண்டும். சாவியைத் திருப்பியிருக்க வேண்டும். அவன் நின்றான். தோளில் குழாயோடு, வாயைத் திறந்துகொண்டு, அவன் அழுதான். இத்தனை மாதம் வராத அழுகை குடம் குடமாய்க் கொட்டியது. சின்னவன் வேலை செய்கிறான். சின்னவன் எங்கேயும் போகவில்லை. டங். தோண்டினான். டங். தோண்டினான். கண்ணீர் மறைத்த கண்ணுக்கு, கரையில் மண் மலையாய்க் குவிவது தெரியவில்லை. ஈரக் கரை. அதன் தலையில் அத்தனை பாரம்.

பொத்தென்று ஒரு சத்தம்.

கரை இல்லை. ஏணியும் இல்லை. குழியின் வாயில் சேறு மட்டும் தளதளத்தது.

குழாய் தோளிலிருந்து விழுந்தது.

இரும்புக் கை அந்தரத்தில் நின்றது. தட்டுக்காகக் காத்திருந்தது. அவனும் மூச்சை அடக்கிக் காத்திருந்தான்.

மண்ணுக்குள்ளிருந்து, மெதுவாக, மிக மெதுவாக,

டங்.

இரண்டாவதற்குக் காத்திருந்தான். கூரை சொட்டியது. இன்ஜின் ஓடியது.

இரண்டாவது வரவில்லை.

இப்போது ஓடினான். வழுக்கி விழுந்து, எழுந்து, சாவியைத் திருப்பினான். பிடுங்கினான். சாவி அவன் கையில். வண்டி ஓடியது. சீட்டை இரண்டு கையாலும் தள்ளினான். ஒரு ஆளின் கனம். அசையவில்லை. மெத்தை உடம்புச் சூட்டோடு இருந்தது.

"ரெண்டுடா!" என்று கத்தினான். "அவ ரெண்டு தட்டப் பாத்தாடா! நிறுத்துடா!"

இன்ஜின் சத்தத்தில், சீட்டில் இருப்பவனுக்குக் குரல் கேட்காது.

பக்கெட் இரண்டு பக்கமும் ஒரு முறை உலுக்கிக்கொண்டது. பிறகு, எப்போதும் சொன்ன சொல் கேட்கிற பிள்ளையாக, பற்களைக் கீழே திருப்பிக்கொண்டு, தட்டு வந்த இடத்தைப் பார்த்து இறங்கியது.