குரல் கொடுத்தவள்

பனிச்சேரியில் இரவானால் வீடுகளுக்கு வரும் காற்றைக் குறைத்துவிடுவார்கள். தூங்குகிறவர்களுக்கு எதற்கு முழு மூச்சு என்று ஒரு சிக்கனம். விடிந்ததும் குழாய்கள் திறக்கும், சுவர் பேசும்: "எந்திரி கண்ணு, காத்து வந்தாச்சு." அதைக் கேட்ட பிறகுதான் ஊர் மொத்தமும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு கண் விழிக்கும். விடிவது என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். வியாழனின் துணைக்கோளான கலிஸ்டோவில், பனிப்பாறைமேல் கவிழ்த்த கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருக்கிறது அந்த ஊர். தலைக்கு மேலே வியாழன் எழுவதுமில்லை, விழுவதுமில்லை. கனவில் வரும் விளக்கு மாதிரி ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சுவரில் பேசும் குரல் லவீனியா ஃபெரின் என்ற இத்தாலிய நடிகையுடையது என்று ஊரில் சின்னக் குழந்தையும் சொல்லும். குடியேறிகள் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டபோது, கப்பலின் பொழுதுபோக்குப் பெட்டகத்தை நிரப்பியவர் எந்த ஞாபகத்தில் இருந்தாரோ, தமிழில் பேசவைத்த அவளுடைய படங்களை மட்டும் ஏற்றிவிட்டார். திரும்பிப் போய் எடுத்துவர அது பக்கத்துத் தெரு இல்லை. அவற்றையே பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு தாலாட்டுக்கு, மருத்துவ இயந்திரத்துக்கு, அபாய அறிவிப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தக் குரலையே வைத்துக்கொண்டார்கள். 'கூரையில் விரிசல்' என்று அது சொன்னால்கூட ஒரு நொடி நின்று ரசித்துவிட்டுத்தான் ஓடுவார்கள்.

லவீனியா திரியெஸ்தே என்ற துறைமுக ஊரில் பிறந்தவள். அங்கே வீசும் குளிர்காற்றுக்கு மேல் கத்திக் கத்தியே வளர்ந்ததாலோ என்னவோ, தொண்டையில் எப்போதும் ஒரு கரகரப்பு. பழைய தானியக் கிடங்கொன்றில் நாடகம் போட்டுக்கொண்டிருந்த குழுவில் சேர்ந்து, ராணியாகவும் கொலைகாரியாகவும் கன்னியாஸ்திரியாகவும் நடித்தாள். அந்தக் கரகரப்பைக் கேட்கவே துறைமுகத்து ஆட்கள் வேலை முடிந்த அழுக்குச் சட்டையோடு வந்து உட்காருவார்கள். பிறகு ரோமிலிருந்து சினிமா கூப்பிட்டது. இயக்குநர் அவள் முகத்தைப் பார்த்து உருகினார், குரலைக் கேட்டு முகம் சுளித்தார். வேறொருத்தியைப் பேசவைத்தார். படம் ஓடியது, விருதுகள் வந்தன, அடுத்த படங்களிலெல்லாம் அதே ஏற்பாடு. பல வருடம் கழித்து ஆசை ஆசையாக மேடைக்குத் திரும்பியபோது, முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "அவள் குரல் இது இல்லையே" என்றார். அது அவள் காதில் விழுந்தது. அன்றோடு மேடை ஏறுவதை விட்டாள்.

எழுபது வயதில், நேரில் வந்து நடிக்கும்படி கலிஸ்டோவிலிருந்து அழைப்பு வந்தது. வருடக்கணக்கில் உறைதூக்கத்தில் கிடந்து போகவேண்டிய பயணம். மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். சாவதற்குள் ஒரே ஒருமுறை தன் சொந்தக் குரலைக் கேட்டு ஒரு கூட்டம் கலங்கவேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

கப்பல்துறையில் இறங்கியதும் சுவர் அவளைப் பார்த்து இனிமையாக ஏதோ சொன்னது. லவீனியா திடுக்கிட்டு நின்றாள். கலைப்பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அலர்மேல் பொன்னாடையோடு ஓடிவந்தாள். பாசிச் சாயத்தில் தோய்த்த நல்ல ஊதாப் பொன்னாடை. இத்தாலிய நாடகக்காரர்களுக்கு ஊதா ஆகவே ஆகாது. மேடைப் பக்கம் அந்த நிறம் வந்தால் நாடகம் விளங்காது என்பார்கள். லவீனியா பின்வாங்கினாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து அலர்மேல் இழுத்துப் போர்த்தியே விட்டாள்.

பிறகு அவள் காதில் ஒரு செவிமுத்தை வைத்தாள். அதை வைத்துக்கொண்டால் எதிரில் இருப்பவர் எந்த மொழியில் பேசினாலும் நம் மொழியில், அவருடைய குரலிலேயே கேட்கும். ஊரில் எல்லாருக்கும் அது பிறந்ததும் காதில் ஏறிவிடும்.

"சுவரில் பேசிய அந்தப் பெண் யார்?" என்று லவீனியா கேட்டாள்.

அலர்மேல் சிரித்துவிட்டாள். "நீங்கதாம்மா! உங்க குரல் உங்களுக்கே தெரியலையா?"

அது ரோமில் பேசியவளின் குரல்கூட இல்லை. தமிழுக்கென்று இன்னொருத்தி பேசியிருக்கிறாள் என்பது லவீனியாவுக்கு மெதுவாக உறைத்தது. விஷயம் அதைவிட மோசம் என்று அலர்மேல் பேசப் பேசத் தெரிந்தது. லவீனியா என்றால் இந்தக் குரல் என்று ஊரின் முத்துகளுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார்கள். அவள் எவ்வளவு கரகரத்தாலும் கேட்பவர் காதில் தேனாகத்தான் இறங்கியது. போதாக்குறைக்கு, மொழிமாற்றுப் படங்களின் தமிழிலேயே இறங்கியது.

"அட கடவுளே! நான் நடிக்கும் நாளில் நீங்கள் அனைவரும் இந்த முத்தைக் கழற்றிவிட வேண்டும்" என்றாள்.

"ஐயையோ, ஒண்ணும் புரியாதேம்மா!"

"புரிய வேண்டாம். கேட்டால் போதும்."

"எங்க ஆளுங்க குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டாங்கம்மா." அலர்மேல் அந்த முகத்தைப் பார்த்தாள். சிறுவயதிலிருந்து பார்த்துவரும் முகம், இப்போது கெஞ்சிக்கொண்டிருந்தது. "சரிம்மா. சொல்லிப் பாக்கறேன். வேற யாருக்குன்னாலும் மாட்டாங்க, உங்களுக்குன்னா செய்வாங்க."

செய்தார்கள். கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல அரங்க வாசலில் முத்துகளை விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். கூரையின் உச்சியில் வியாழன் மங்கலாக இருந்தது. விளக்கு அணைந்ததும் ஒவ்வொருவர் கண்ணோரத்திலும் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி மினுங்கியது. இங்குள்ளவர்களின் கண் இப்படித்தான் போலும் என்று லவீனியா நினைத்துக்கொண்டாள். மேடையிலிருந்து பார்க்க, திரியெஸ்தேவின் கடலில் தூரத்துப் படகுகள் விளக்கேற்றி நிற்பதுபோல அழகாக இருந்தது.

அவள் எடுத்துக்கொண்டது, அண்ணனை விழுங்கிவிட்ட கடலோடு வழக்காடும் ஒரு பெண்ணின் கதை. கடலையே பார்த்திராத அந்தக் கூட்டத்தின் முன்னால், தன் ஊர் இத்தாலியனில், வாயில் வந்த கரகரப்பை அப்படியே விட்டு நடித்தாள். திட்டினாள், சிரித்தாள், கடலின் சட்டையைப் பிடிப்பதுபோலக் காற்றைப் பிடித்து உலுக்கினாள். இருமல் இல்லை, முணுமுணுப்பு இல்லை. ஒருவர்கூட அசையவில்லை. முடிந்த பிறகும் சிறிது நேரம் அப்படியே இருந்தார்கள். இப்படி ஒரு அமைதியைத் தன் வாழ்நாளில் அவள் கேட்டதில்லை. அறைக்குத் திரும்பியவள் பொன்னாடையை மூலையில் வீசிவிட்டுச் சந்தோஷத்தில் அழுதாள்.

காலையில் அலர்மேல் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ராத்திரி தூங்கவே இல்லம்மா. ஊரே அழுதுச்சு."

லவீனியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த இடத்தில் அழுதாய்? சொல்!"

"அவன் சட்டையையாவது திருப்பிக் குடுன்னு கடல்கிட்ட கேப்பீங்களே, அங்க."

"அப்போது முன்வரிசையில் இருந்த உன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சிலைபோல அமர்ந்திருந்தாயே."

"அரங்கத்துல எங்கம்மா அழுவுறது? அசைஞ்சா பதிவு ஆடிப்போயிடுமே." அலர்மேல் தன் கண்ணோரத்துப் பச்சைப் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். "எல்லாரும் கண்வில்லையில எடுத்துக்கிட்டோம். வீட்டுக்குப் போய் முத்தைப் போட்டுக்கிட்டு நிம்மதியாப் பாத்தோம் பாருங்க... அப்பா!" பிறகு, மற்றவர்களுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள். "மேடையில உங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, பாவம். கவலைப்படாதீங்கம்மா, முத்து எல்லாத்தையும் சரிபண்ணிடுச்சு. உங்க குரல்லதான் கேட்டோம்."

அவள் போன பிறகு லவீனியா வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் சுவரிடம், "ஊரார் கேட்டபடியே எனக்கும் காட்டு" என்று சொல்லிவிட்டு முத்தைக் கழற்றினாள்.

சுவரில் அவள் முகம் வந்தது. அந்தத் தமிழ்க் குரல் பேசத் தொடங்கியது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சட்டையைக் கேட்கும் இடம் வந்தது. அவள் அங்கே கத்தியிருந்தாள். அந்தக் குரல் கத்தவில்லை. இரவல் கொடுத்த பாத்திரத்தைப் பக்கத்து வீட்டில் கேட்கத் தயங்குகிறவளைப்போலத் தழைந்து, பாதியில் நின்று, பிறகு கேட்டது. இயந்திரம் ஒட்டித் தைத்ததுதான். ஆனால் அந்தத் தயக்கம் இயந்திரத்துடையது இல்லை. எப்போதோ சென்னையில் ஒரு சின்ன அறைக்குள், ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று ஒருத்தி தயங்கியதிலிருந்து எடுத்தது. லவீனியாவின் கண்ணில் நீர் வழிந்தது. என்னைவிட நன்றாகச் செய்கிறாள் என்று நினைத்தாள். நாற்பது வருடக் கோபத்துக்குப் பிறகு அப்படி நினைக்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

ரோமில் பேசியவளின் ஞாபகம் வந்தது. ஒலிக்கூடத்து நடையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பாள், ஒல்லியான பெண். பார்த்தால் எழுந்து நிற்பாள். லவீனியா தலையசைத்துவிட்டுப் போவாள். அவள் பெயர் படத்தின் கடைசியில் வந்திருக்கும். பெயர்கள் ஓடத் தொடங்கும்போது விளக்கு எரியும், எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் லவீனியா வாசலில் புகைப்படக்காரர்களிடம் போய்ச் சேர்ந்திருப்பாள்.

முத்தைத் திரும்பக் காதில் வைத்தாள். "இது யாருடைய குரல்?"

"லவீனியா ஃபெரின்" என்றது சுவர்.

"லவீனியாவுக்காகத் தமிழில் பேசியவள் யார் என்று கேட்கிறேன். கடைசியில் பெயர்கள் ஓடுமே, அதைப் பார்."

"அது இல்ல கண்ணு. ஒருத்தரும் அதுவரைக்கும் உக்காந்து பாக்கல. சும்மா இடத்தை அடைக்குதுன்னு எல்லாப் படத்துலயும் வெட்டிட்டாங்க."

லவீனியா எழுந்து சுவரருகே போனாள். தனக்கே உரிய கரகரப்பில், ஒரு மனுஷியிடம் கேட்பதுபோலக் கேட்டாள்: "உன் பெயர் என்ன?"

சுவருக்குள்ளும் ஒரு முத்து இருந்தது. அவள் கேள்வி அதற்குள் அந்தத் தமிழ்க்காரியின் குரலாகவே போய்ச் சேர்ந்தது. அதே குரல் சற்றுத் தயங்கிப் பதில் சொன்னது.

"தெரியலையே கண்ணு."