சாய்வாக ஒரு வெட்டு

கள்ளியின் வெட்டுவாயில் சாம்பல் பூசியிருந்தது.

அமிர்தநாயகம் கண்ணாடியைக் கழற்றிச் சாறத்தில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். சாம்பல்தான். நேற்றுப் பின்னேரம் அவரே கள்ளியின் கிளைக் கையொன்றை வெட்டியெடுத்து, வழக்கம்போல மஞ்சள் கந்தகத்தூள் தூவிவிட்ட இடம் அது. இப்போது மஞ்சளைக் காணவில்லை. மாவுபோல அரித்த அடுப்புச் சாம்பல், ஓரம் பிசகாமல் அப்பியிருந்தது. இந்த வீட்டில் விறகு எரிந்து மாதக்கணக்காகிறது. தங்கச்சி மார்த்தாவை அடக்கம் செய்த கையோடு விறகடுப்பை இடித்துக் கொட்டிவிட்டுக் காஸ் அடுப்பு வாங்கியவர் அவர்தான். போதாததற்குச் சோழகக் காற்று வேறு. பள்ளிமுனை மணலெல்லாம் கிளம்பி மதிலேறிக் குதித்து, பல்லுக்குள்ளும் காதுக்குள்ளும் நறநறவென்று குடியேறிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் சாம்பல் ஒரு பொட்டுக்கூட அசையவில்லை.

கழுதைகளாக இருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தார். மன்னாரில் எது உடைந்தாலும் கழுதையின் தலையில் போட்டுவிடலாம். ஆனால் கழுதை சாம்பல் பூசாது.

கேற்றில் ஒரு பலகை தொங்கியது: ‘அமிர்தநாயகம், இளைப்பாறிய பிரதம இலிகிதர், தாவரச் சிற்பி.’ முதல் பட்டம் அரசாங்கம் கொடுத்தது. மற்றதை அவர் தமக்குத் தாமே வழங்கி, தாமே ஏற்றுக்கொண்டார். ‘கள்ளியின் ஆரோக்கிய வளர்ச்சியில் கத்தியின் பங்கு’ என்ற பொருளில் அவர் கோயில் பங்கு மண்டபத்தில் ஆற்றிய பேருரையில், பின்வரிசை வாங்குக்காரர் நெடுநாளைக்குப் பிறகு நல்ல நித்திரை கொண்டதாகச் சொல்வார்கள். கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பத்திரிகைத் தாளை நீளவாக்கில் மடித்துப் பட்டியாக்கி, கள்ளியின் கையைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். முள்ளும் குத்தாது, கையும் நசியாது. வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி அழுகும். காயத்துக்குத் தூள். வெட்டிய துண்டைச் சாக்கில் கிடத்தி நிழலில் காயவிட வேண்டும். முடிவில் கையை உயர்த்தி, “நோகாது. வளரத்தான் வெட்டுறது” என்பார். அதற்குத்தான் கைதட்டு விழுந்தது. பேச்சு முடிந்துவிட்டதே என்ற ஆறுதலில்.

கள்ளி மார்த்தாவினுடையது. அதை ஒற்றைத் தூணாக நிறுத்த அவர் வருசக்கணக்காகப் பாடுபட்டார். கள்ளியோ ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே இரண்டு கைகளை விட்டது.

மார்த்தாவையும் அவர் அப்படித்தான் வளர்த்தார். வந்த சம்பந்தங்களையெல்லாம் “எங்கட குடும்பத்தின்ர வடிவுக்குச் சரிவராது” என்று கழித்தார். கடைசியாக வந்தவன் தாழ்வுபாட்டு ஊர்ச் சந்தியோகு, வள்ளக்காரன். அவன் தெருவில் சைக்கிளோடு காத்து நிற்க, அவள் உடுப்புப் பையோடு வாசலைத் தாண்டப்போன நேரம், அமிர்தநாயகம் இரும்புக் கேற்றை அடித்துச் சாத்தினார். அவளுடைய வலக்கை இடையில் இருந்தது. “சின்னக் காயம். ஆறீடும்” என்றார். சின்ன விரலும் மோதிர விரலும் பிறகு நிமிரவேயில்லை. கொக்கிபோல மடிந்தே நின்றன. அந்த வருசம்தான் அவள் கள்ளியை நட்டாள். அவர் வெட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் கையால்தான் அடுப்புச் சாம்பல் அள்ளிவந்து பூசுவாள்.

கேற்றுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தது. மீன்கார யாகப்பர், பின்னால் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி.

“சேர், விளைமீன் கிடக்கு. துடிக்கத் துடிக்க!”

“போனமுறையும் துடிக்கத் துடிக்க எண்டுதான் சொன்னனீர். சட்டிக்குள்ள போட்டாப்பிறகுதான் அது எப்ப செத்ததெண்டு தெரிஞ்சது.”

“அரசாங்கக் கந்தோரில இருந்த ஆளெல்லோ, மீனுக்கும் மரண விசாரணை வைக்கிறீங்கள்.” யாகப்பர் சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. “சந்தியோகு சித்தப்பா மோசம் போயிட்டார், சேர். இண்டைக்குப் பின்னேரம் அடக்கம். கடைசி மட்டும் ஒரு கலியாணம் முடிக்கேல்ல, மனுசன்.”

“தேவ சித்தம்.”

“உங்கட சித்தம் எண்டுதான் தாழ்வுபாட்டில கதை.”

அமிர்தநாயகத்தின் காது சுட்டது. “மீனைத் தந்திட்டுப் போம் காணும்.”

யாகப்பர் மீனைக் கொடுத்தார். ஆனால் போகவில்லை, அமிர்தநாயகத்தின் தோளுக்கு மேலால் வீட்டைப் பார்த்தார். “உள்ளுக்கு ஆர், சேர்? பேப்பர் மடிக்கிற சத்தம் கேக்குது.”

“ஒருத்தருமில்லை. காத்து.”

“காத்து மடிக்காது, சேர். கிழிக்கும்.” அதோடு வண்டியை உதைத்துப் புறப்பட்டுவிட்டார்.

உங்கட சித்தமாம்! மீன் விற்கிறவன் சொல்கிறான்! கோபம் பயத்தைவிடச் சுகமாக இருந்தது. அமிர்தநாயகம் மீனைத் திண்ணையில் போட்டுவிட்டு, கத்தியையும் ஸ்பிரிட் போத்தலையும் எடுத்துக்கொண்டு கள்ளியிடம் போனார். சாம்பலைச் சுரண்டக் குனிந்தவர் அப்போதுதான் அதிலிருந்த தடங்களைக் கண்டார். மூன்று நீளமான விரல் இழுப்புகள். பக்கத்தில், மடிந்த விரல் முட்டிகள் அழுந்திய இரண்டு குழிகள்.

“ஒரு கையும் இல்லாமல் ஆக்கிறன், பார்” என்றார். யாரிடம் சொன்னார் என்பதை அவர் யோசிக்க விரும்பவில்லை.

எஞ்சியிருந்த மற்றக் கையைத் தாளால் சுற்றிப் பிடித்து வெட்டினார். நடுவில் கத்தி எலும்பில் தட்டியதுபோல நின்றது. கள்ளிக்கும் உள்ளே கட்டை இருக்கும்தானே என்று சொல்லிக்கொண்டு, பலமாக அழுத்தினார். துண்டை நேற்றையதன் அருகே சாக்கில் கிடத்தினார். போத்தலையும் கத்தியையும் அங்கேயே விட்டுவிட்டு, கொஞ்சம் வேகமாகவே உள்ளே வந்து கதவைத் தாழிட்டுச் சாய்மனைக் கதிரையில் விழுந்தார். யன்னல் சட்டங்களைச் சோழகம் உலுப்பியது. காற்றோடு காற்றாகத் தாழ்வுபாட்டுக் கோயிலின் துக்கமணி வந்தது. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

பிறகு காற்று நின்றது.

ஸ்பிரிட் மணத்தது.

போத்தல் வெளியில் கிடந்தது. அவர்தான் விட்டுவிட்டு வந்தார். மூடியும் பூட்டியிருந்தது.

கதிரைக்குப் பின்னால் தாள் சரசரத்தது. நிதானமாக. ஒரு மடிப்பு. நகத்தால் நீவும் ஓசை. இன்னொரு மடிப்பு.

எழும்ப வேண்டும். கதிரையின் இரண்டு கைகளையும் பற்றினார்.

இடது மணிக்கட்டைச் சுற்றித் தாள்பட்டி வந்தது. மெதுவாக. நசியாமல். அவர் ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்த அதே பதத்தில்.

“நோகாதண்ணை.” சுவரோடு பேசிப் பழகிய குரல். “வளரத்தான்.”

அவர் கண்ணை இறுக்கினார். துக்கமணி ஒருமுறை அடித்தது. கண்ணைத் திறந்து, கையைப் பார்க்கப் பயந்து, யன்னலைப் பார்த்தார். வெளியே நிழலில் சாக்கு. அதில் கள்ளித் துண்டுகள் இல்லை. ஒரு கை கிடந்தது. உள்ளங்கை மேலே. மோதிரம் அவருடையது.

பங்கு மண்டபத்தில் அவர் சொன்னது சரிதான். நோகவில்லை.

குனிந்து பார்த்தார். கதிரைக் கையில் கிடந்த மணிக்கட்டில் வெட்டு அழகாக, சாய்வாக இருந்தது. ஒரு சொட்டும் தேங்காது. மூன்று நிமிர்ந்த விரல்களும் இரண்டு மடிந்த விரல்களும் அதன்மேல் சாம்பலை அப்பிக்கொண்டிருந்தன, ஓரம் பிசகாமல்.

பிறகு, வலது பக்கத்தில், தாள் மடியத் தொடங்கியது.